பூசையில் நம் பங்கு: பெங்களூரு தமிழ்க் கத்தோலிக்கர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது வழிபாட்டுக் குழுவில் இருப்பவர்களிடம் வந்து விழும் கேள்விகள் இவை. திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர் ஒரு பழக்கத்தோடு வருகிறார். கோலார் தங்கவயல் குடும்பம் இன்னொரு பழக்கத்தோடு வருகிறது. இங்கேயே பிறந்த பிள்ளைகளோ ஆங்கிலப் பூசையில் பார்த்ததைச் செய்கிறார்கள். ஒரே பெஞ்சில் மூன்று பேர் மூன்று விதமாக நின்றால் நடுவில் இருப்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். திருச்சபை சொல்வது எது, ஊர் வழக்கம் எது, வெறும் பிடிவாதம் எது என்று பிரித்துச் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

நான் வாசகம் வாசிப்பதில்லை, பாடகர் குழுவிலும் இல்லை. அப்படியானால் பூசையில் எனக்குப் பங்கு இல்லையா?

பெரும் பங்கு உங்களுடையதுதான், அது பெஞ்சிலேயே இருக்கிறது. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயலூக்கத்தோடும் வழிபாட்டில் பங்கெடுக்க வேண்டும், திருமுழுக்கால் அது அவர்களுக்கு உரிமையும் கடமையும் என்று அந்த ஏடு சொல்கிறது. எப்படிப் பங்கெடுப்பது என்பதற்கு மறுமொழிகள், சங்கீதங்கள், பாடல்கள், செயல்கள், உடல் நிலைகள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, உரிய நேரத்தில் மௌனத்தையும் சேர்க்கிறது. மேடை ஏறுவது பற்றி அங்கே பேச்சே இல்லை.

சங்கத்துக்கு முன்னால் பூசை இலத்தீனில் நடக்கும், பாட்டிமார் பெஞ்சில் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். இன்று எல்லாம் நம் மொழியில் நடந்தும் பலர் வாயைத் திறப்பதில்லை. பங்குப் பேரவையில் யார் பெயரை வாசகப் பட்டியலில் போடுவது என்று அரைமணி நேரம் வாக்குவாதம் நடக்கும். நற்கருணை மன்றாட்டு முடியும்போது சொல்லும் "ஆமென்" ஏன் முனகலாகப் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஆமென்தான் பூசையில் நாம் சொல்லும் எல்லா ஆமென்களிலும் பெரியது. "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்ற பகுதி குருவுக்கு மட்டும் உரியது. பல கோயில்களில் மக்களும் சேர்ந்து சொல்லிவிட்டு, கடைசியில் தங்களுக்கென்று இருக்கும் ஒரே சொல்லில் மூச்சு வாங்குகிறார்கள். குரு சொல்வதைக் கேட்டிருந்துவிட்டு ஆமெனைக் கோயில் அதிரச் சொல்லுங்கள், பாடினால் இன்னும் நல்லது.

எப்போது நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும்?

உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. வருகைப் பாடல் தொடங்கியதிலிருந்து முதல் செபம் முடியும்வரை நிற்க வேண்டும். வாசகங்களுக்கும் பதிலுரைப் பாடலுக்கும் உட்காரலாம். அல்லேலூயா தொடங்கியதும் எழுந்து நற்செய்தியை நின்று கேட்கிறோம். மறையுரைக்கு உட்கார்ந்து, நம்பிக்கை அறிக்கைக்கும் மன்றாட்டுகளுக்கும் மீண்டும் நிற்கிறோம். காணிக்கைப் பகுதிக்கு உட்காரலாம்.

குழப்பம் அடுத்த இடத்தில்தான். காணிக்கை முடிந்ததும் "என்னுடையதும் உங்களுடையதுமான" பலியை இறைவன் ஏற்கும்படி மன்றாட குரு நம்மை அழைக்கிறார். அந்த அழைப்பைக் கேட்டதும் எழுந்துவிட்டு மறுமொழியை நின்று சொல்ல வேண்டும். நம் கோயில்களில் பாதிப்பேர் உட்கார்ந்தபடி பதில் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுகிறார்கள். முன் பெஞ்சுக்காரர்கள் முதலில் எழுந்தால் பின்னால் இருப்பவர்கள் தானாக எழுந்துவிடுவார்கள். அறிவிப்பெல்லாம் தேவைப்படாது.

அப்பமும் இரசமும் வசீகரிக்கப்படும் நேரத்தில், அதாவது கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறும் நேரத்தில், முழங்காலிட வேண்டும். 'தூயவர்' பாடல் முடிந்ததிலிருந்து நற்கருணை மன்றாட்டு முடியும்வரை முழங்காலில் இருப்பது எங்கே வழக்கமோ, அங்கே அதைத் தொடர்வது நல்லது என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. உடல்நலமோ இட நெருக்கடியோ தடுத்தால் நின்றுகொள்ளலாம். அப்படி நிற்பவர்கள், வசீகரம் முடிந்து குரு முழங்காலிடும்போது தாழ்ந்து பணிய வேண்டும். செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் தூய மரியா பேராலயத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே முழங்கால் வைக்க ஒரு சாண் இடம் கிடைக்காது. அந்த நெரிசலில் குனிந்து வணங்கினால் போதும், முன்னால் நிற்பவரின் முதுகில் முட்ட வேண்டாம்.

எல்லாரும் ஒரே நிலையில் இருப்பது ஒரே சபை என்பதன் அடையாளம், அதனால்தான் இவ்வளவு விவரம். அதற்காக, மூட்டுவலியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவைத் திரும்பிப் பார்த்து முறைக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது.

கோயிலுக்குள் நுழைந்ததும் முழங்காலிடுவதா, கைகூப்பிப் பணிவதா?

நற்கருணை வைக்கப்பட்டிருக்கும் பேழை இருக்கும் திசையை நோக்கி வலது முழங்காலை மடக்கித் தரையில் தொட வேண்டும். பேழை இல்லாத பீடத்தின் முன் தாழ்ந்து பணிந்தால் போதும். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரை அங்குலம் இறங்கி, நெற்றியையும் மூக்கையும் தொட்டுவிட்டு உள்ளே நழுவுகிறோமே, அது இரண்டிலும் சேராது. ஒழுங்காகச் செய்ய இரண்டு விநாடி போதும்.

கைகூப்பிப் பணிவது சரியா என்ற கேள்விக்குப் பெங்களூரிலேயே பதில் இருக்கிறது. 1969 ஏப்ரல் 25 அன்று, இந்தியத் திருவழிபாட்டுக்கான பன்னிரண்டு தழுவல்களுக்கு உரோமை ஒப்புதல் தந்தது. முழங்காலிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தாழ்ந்து பணிவது, புனிதப் பொருள்களை முத்தமிடுவதற்குப் பதிலாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, மெழுகுவர்த்திக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு, செருப்பைக் கழற்றுவது, தரையில் அமர்வது, ஆரத்தி எல்லாம் அதில் உண்டு. இந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் தமிழரான அருள்தந்தை து. ச. அமலோற்பவதாஸ். 1967-இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தின் முதல் இயக்குநர் அவர். 1969-இல் பெங்களூருப் பேராயராக இருந்தவர் அவருடைய அண்ணன் லூர்துசாமி, பிற்காலத்தில் கர்தினாலானவர். கைகூப்பிப் பணிவதை ஏதோ புதுப் பழக்கம் என்று ஒதுக்குபவர்கள், அது நம் ஊரிலேயே அரை நூற்றாண்டுக்கு முன் வேர்விட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் இந்தத் தழுவல்களை எங்கே, எந்த அளவு நடைமுறைப்படுத்துவது என்பது ஆயரின் பொறுப்பு. பாடகர் குழு சனிக்கிழமை இரவு கூடி முடிவெடுக்கும் விஷயமல்ல.

நற்செய்திக்கு முன் நெற்றி, வாய், மார்பு என்று சிலுவை போடுகிறோம். அது குருவுக்கு மட்டுமா?

எல்லாருக்கும் உரியது. கட்டைவிரலால் மூன்று சிறு சிலுவைகள் போட வேண்டும். முடித்தபின் விரலை முத்தமிடுவது நம் மக்களின் வழக்கம். சட்டத்தில் இல்லை, தடையும் இல்லை.

"என் பாவமே" என்று மார்பில் தட்டுவது?

உண்டு, செய்ய வேண்டும். அதேபோல நம்பிக்கை அறிக்கையில் ஆண்டவர் தூய ஆவியால் உடலெடுத்து மனிதரானார் என்று வரும் வரியில் எல்லாரும் தாழ்ந்து பணிய வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மார்ச் 25 மங்கள வார்த்தை விழாவிலும் அதே வரியில் முழங்காலிட வேண்டும். இதைப் பெரும்பாலோர் மறந்தே போய்விட்டோம்.

பரலோக மந்திரத்தின்போது கைகளை விரிப்பதா, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிப்பதா, கூப்புவதா?

அதிகச் சண்டை நடக்கும் கேள்வி, ஆனால் அவ்வளவு சண்டைக்கு இதில் விஷயம் இல்லை. கைகளை விரித்துச் செபிப்பது அந்த இடத்தில் குருவுக்குக் குறிக்கப்பட்ட சைகை. மக்களின் கை எப்படி இருக்க வேண்டும் என்று திருப்பலி நூல் எதுவும் சொல்லவில்லை. குருவுக்கே உரிய செபங்களையும் சைகைகளையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 1997-இல் உரோமையிலிருந்து ஓர் அறிவுரை வந்தது. கரிஸ்மாட்டிக் செபக்கூட்டங்களில் கை உயர்த்திப் பழகியவர்கள் அதைப் பூசைக்கும் கொண்டுவந்தார்கள். கைகோர்த்து நிற்பதும் இப்படித்தான் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

கூப்பிய கையே நமக்கு இயல்பு, அதுவே போதும் என்பது என் கருத்து. பக்கத்தில் இருப்பவர் விரித்தால் அவரைத் திருத்தப் போக வேண்டாம். ஆனால் விருப்பமில்லாதவர் கையை இழுத்துப் பிடிப்பது மரியாதை ஆகாது. மைக்கில் "எல்லாரும் கைகோர்ப்போம்" என்று கட்டளையிடுவதும் வேண்டாத வேலை.

சமாதானம் சொல்ல எவ்வளவு தூரம் போகலாம்?

எங்கும் போக வேண்டாம். முன்னால், பின்னால், இருபக்கமும் நிற்பவர்களுக்குக் கைகூப்பி, தலை தாழ்த்தி, முகம் பார்த்துச் சொன்னால் முடிந்தது. 2014-இல் உரோமையிலிருந்து வந்த சுற்றுமடல், இடம்விட்டு நகர்வதையும், குரு பீடத்தை விட்டு இறங்கி வருவதையும், இதற்கென்று தனியாகச் 'சமாதானப் பாட்டு' பாடுவதையும் தவிர்க்கச் சொல்கிறது. நம் கோயில்களில் மூன்றாவதுதான் விடாமல் நடக்கிறது. அந்தப் பாட்டு இழுத்துக்கொண்டே போவதால் குரு அப்பத்தைப் பிட்கும்போது பாட வேண்டிய "உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே" அவசர அவசரமாக முடிகிறது. கணவன் மனைவிக்குள் காலையில் சண்டை நடந்திருந்தால், எட்டுப் பெஞ்சு தாண்டி நண்பரைத் தேடுவதைவிட அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கைகூப்பினாலே அந்தச் சடங்கு நிறைவேறிவிடும்.

நற்கருணையைக் கையில் வாங்கலாமா, நாவில்தான் வாங்க வேண்டுமா?

இரண்டும் சரி, தேர்வு வாங்குபவருடையது. கையில் வாங்கும் முறைக்கு ஆயர் பேரவைகள் கேட்டால் அனுமதி கிடைக்கும் என்று 1969-இல் உரோமை வழி திறந்தது. இந்தியாவிலும் அனுமதி உண்டு. கொரோனா காலத்தில் எல்லாரும் கையில் வாங்கப் பழகினார்கள், ஆனால் ஒழுங்காக வாங்கப் பலருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வரிசையில் உங்களுக்கு முன்னால் இருப்பவர் வாங்கும்போதே தலை தாழ்த்தி வணங்கிவிடுங்கள். நின்று வாங்குபவர் அப்படி வணங்க வேண்டும் என்று விதிமுறைகள் பரிந்துரைக்கின்றன. உங்கள் முறை வந்ததும் இடது உள்ளங்கையை வலது கைமேல் விரித்து, மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். குரு "கிறிஸ்துவின் திருவுடல்" என்றதும், காதில் விழும்படி "ஆமென்" சொல்லுங்கள். "தேங்க்யூ ஃபாதர்" வேண்டாம். அப்பம் கையில் வந்தபின் ஓரமாக ஓர் எட்டு நகர்ந்து, வலது கை விரல்களால் எடுத்து அங்கேயே உட்கொள்ளுங்கள். மடக்கிய கையோடு பெஞ்சுவரை நடப்பது கூடவே கூடாது. கையில் துகள் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். விரல் நுனியால் பறித்து எடுப்பதும், தானே பாத்திரத்திலிருந்து எடுப்பதும், மனைவி வாங்கிக் கணவனிடம் கொடுப்பதும் தடை.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் நாவில் வாங்குவதே பாதுகாப்பு. இரசத்தில் தோய்த்துக் கொடுத்தால் நாவில்தான் வாங்க வேண்டும். முழங்காலிட்டு வாங்க விரும்புபவரை எழுந்து நிற்கச் சொல்லி மறுக்கக் கூடாது.

நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் கூடாது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இந்தக் கட்டு இல்லை.

வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு என்னுடன் இந்து நண்பர்களும் வருகிறார்கள். அவர்கள் நற்கருணை வரிசையில் வரலாமா?

கோயிலுக்கு வரலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம், நவநாளில் உட்கார்ந்து செபிக்கலாம். அந்தக் கோயிலின் பெருமையே எல்லாச் சமயத்தாரும் வருவதுதான். நற்கருணை மட்டும் கத்தோலிக்க நம்பிக்கையில் ஒன்றித்தவர்களுக்கு உரியது. பிரசாதம் என்று நினைத்துக் கை நீட்டிவிடுவார்கள், அதனால் வரிசை தொடங்கும் முன்பே நீங்கள் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். அங்கே போய் நிற்கும்போது மறுத்தால்தான் மனம் நோகும். திருமணப் பூசைக்கு வரும், கத்தோலிக்கரல்லாத தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உறவினர்களுக்கும் பொதுவாக இதே விதிதான். அவர்கள் பெஞ்சில் இருந்து செபிப்பதில் எந்தக் குறையும் இல்லை.

எங்கள் பகுதியில் தமிழ்ப் பூசை இல்லை. கன்னடமோ ஆங்கிலமோதான். எதுவும் புரியாமல் நிற்பது பங்கேற்பாகுமா?

பூசையின் அமைப்பு எந்த மொழியிலும் ஒன்றே. அன்றைய வாசகங்களை வீட்டிலேயே தமிழில் படித்துவிட்டுப் போனால் பாதி பாரம் இறங்கும். சின்னச் சின்ன மறுமொழிகளைக் கன்னடத்தில் கற்றுக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகாது. பஸ்ஸிலும் கடையிலும் பேசும் மொழியைக் கோயிலில் மட்டும் ஏன் தள்ளிவைக்க வேண்டும்? பூசை நேரப் பட்டியலில் எந்த மொழிக்கு எந்த நேரம் என்பதை வைத்து நம் நகரில் போதுமான கசப்பு வந்துபோயிருக்கிறது.

மலையாளிகளின் சீரோ மலபார் முறைப் பூசையான குர்பானாவுக்குப் போனாலும் ஞாயிறு கடன் நிறைவேறும். எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் பங்கெடுத்தாலும் செல்லும் என்பது திருச்சபைச் சட்டம். அங்கே சமாதானம் பீடத்திலிருந்து கைவழியாக ஒவ்வொருவருக்கும் கடந்து வரும். போன இடத்தில் அவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்து வாசகம் வாசிக்க வைக்கலாமா?

பெங்களூரில் பிறந்த பிள்ளைகள் பலரின் நிலை இதுதான். பள்ளியில் கன்னடம், ஆங்கிலம், இந்தி. தமிழ் வீட்டில் மட்டும். ஆங்கில எழுத்தில் எழுதிய தாளை வைத்து வாசித்தால் 'ழ'வும் 'ல'வும் ஒன்றாகிவிடும், 'பலம்' எது 'பழம்' எது என்று பெஞ்சில் இருப்பவருக்குத் தெரியாது. வாசகம் என்பது இறைவார்த்தை அறிவிப்பு. பிள்ளைக்கு வாய்ப்புக் கொடுப்பது இரண்டாவது கவலைதான். வாசக நூலிலிருந்தே வாசிக்க வேண்டும், கையில் கசங்கிய தாளும் செல்போனும் அதற்கு ஈடாகாது.

அவளை ஒதுக்கவும் வேண்டாம். பதிலுரைப் பாடலைக் காதால் கேட்டே பாடப் பழகலாம். மன்றாட்டு ஒன்றை மனப்பாடமாகச் சொல்லலாம். அப்பமும் இரசமும் எடுத்துவரும் பவனியில் நடக்கலாம். மறைக்கல்வி வகுப்போடு தமிழ் எழுத்தும் சொல்லித்தரும் பங்குகளில், பிள்ளைகள் ஓரிரு வருடத்தில் தாங்களே நூலைப் பார்த்து வாசிக்கிறார்கள்.

வாசகர், பீடத்துணைவர் பணிகளில் நிலையாக ஏற்படுத்தப்படும் உரிமையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் பெண்களுக்கும் திறந்துவிட்டார். பீடச் சிறுமிகளுக்கு ஆயர் அனுமதிக்கும் இடத்தில் 1994 முதலே வழி உண்டு.

காணிக்கைப் பவனியில் என்னவெல்லாம் கொண்டுபோகலாம்?

அப்பம், இரசம், ஏழைகளுக்கும் கோயிலுக்கும் உதவும் பணமோ பொருளோ. அரிசி, பருப்பு, பழம் கொண்டுவந்தால் பிறகு யாருக்காவது போய்ச் சேரும். விளையாட்டு விழாவுக்குக் கால்பந்து, ஐ.டி. ஊழியர் ஞாயிறுக்கு லேப்டாப் என்று தூக்கிவந்து, பூசை முடிந்ததும் வீட்டுக்கே திருப்பி எடுத்துப் போவது காணிக்கையாகாது. கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது.

பெண்கள் முக்காடு போட வேண்டுமா?

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இருந்தது. 1983 சட்டத்தில் இல்லை. விருப்பம்போல் செய்யலாம்.

வாசகத்துக்குப் பிறகு குரு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். மறந்துவிட்டாரா?

மறக்கவில்லை, அது பூசையின் ஒரு பகுதி. பாவ மன்னிப்பு வழிபாட்டின் தொடக்கத்தில், "மன்றாடுவோமாக" என்றதும், வாசகங்களுக்கும் மறையுரைக்கும் பின், நற்கருணை வாங்கியபின் மௌனம் இருக்க வேண்டும் என்றே விதி. கீபோர்டுக்காரர் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியதில்லை. பிறந்தநாள் வாழ்த்தும் கைதட்டலும் அறிவிப்புகளோடு வைத்துக்கொள்ளட்டும்.

குரு ஏதாவது முறை தவறிச் செய்வதாகத் தோன்றினால்?

முதலில் அவரிடமே, தனியாக, கேள்வியாகக் கேளுங்கள். பத்தில் எட்டுத் தடவை அவர் செய்வதற்கு ஏதாவது அனுமதி இருக்கும். உண்மையிலேயே தவறு தொடர்ந்தால் ஆயரிடம் முறையிடும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்று 2004-ஆம் ஆண்டு உரோமை அறிவுரை சொல்கிறது. வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடுவது முறையீடு ஆகாது.

அப்பா படுக்கையில் இருக்கிறார், டிவியில் பூசை பார்க்கிறார். போதுமா? நற்கருணை வீட்டுக்கு வருமா?

வர முடியாதவருக்கு ஞாயிறு கடனே இல்லை, அதனால் அந்தக் குற்ற உணர்வு வேண்டாம். டிவி பூசை செபிக்கத் துணை செய்யும். ஆனால் நற்கருணை நேரில்தான் வர வேண்டும். பங்கு அலுவலகத்திலோ, பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியக் குழுவின் தலைவரிடமோ சொன்னால் குருவோ, நற்கருணைப் பணியாளராக நியமிக்கப்பட்ட பொதுநிலையினரோ வருவார்கள். பொதுநிலையினர் இப்படி நற்கருணை வழங்க 1973-லேயே உரோமை வழி செய்துவிட்டது.

படுக்கைக்கு அருகில் ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, ஏற்றிய மெழுகுவர்த்தி அல்லது விளக்கு, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் காவலாளியிடம் முன்கூட்டியே பெயரைச் சொல்லிவிடுங்கள். கழுத்தில் நற்கருணைச் சிமிழோடு வருபவரைக் கேட்டில் நிறுத்தி ஓடிபி கேட்பது எல்லாருக்கும் சங்கடம். வீட்டில் இருப்பவர்கள் கூட நின்று மறுமொழி சொல்லுங்கள், தகுந்த தயாரிப்போடு இருந்தால் அவர்களும் வாங்கலாம். அப்பா விழுங்கச் சிரமப்பட்டால் வந்தவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சிறு துண்டு போதும், பின்னோடு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம்.

நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலைக் குரு மட்டுமே தர முடியும். அதற்கு நினைவு தப்பும்வரை காத்திருக்க வேண்டாம். பெரிய ஆபரேஷன் என்று டாக்டர் தேதி குறித்தவுடனே பங்குத்தந்தைக்குப் போன் செய்யுங்கள். ஐ.சி.யூ.வுக்குள் போன பிறகு அவரை உள்ளே விடச் சொல்லி வாசலில் போராட நேரிடும்.